ஈசானிய மூலையில் ஒரு ஜோடி பூட்ஸ்

அத்தியாயம் 6

வெள்ளகோவிலைத் தாண்டி கரூர் ரோட்டில் கார் நின்றதும் அக்ஷயா முதலில் கட்டடத்தைப் பார்த்தாள், பிறகு தன் முதலாளியைப் பார்த்தாள்.

"ஏனுங்க பாய், இது செவுருங்களா, பார்சலுங்களா?"

சந்தேகம் நியாயமானதுதான். சுற்றிலும் முருங்கைத் தோட்டம். நடுவில் பத்தடி உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் சுவர்கள். டிவி வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் வருமே, அதே சமாச்சாரம். ஆடிக் காற்று ஒரு தடவை அடித்தால் மொத்தமும் திருச்சியில் போய் இறங்கிவிடும் என்று அவள் தன் கருத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

துப்பறிவாளர் ஷேக் பரீத் சிரிக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் அவர் ஒரு நாளைக்கு மூன்று ஜோக்குக்கு மேல் சிரிப்பதில்லை. கோவை கணபதியிலிருந்து கிளம்பிக் காங்கேயம் வருவதற்குள் அந்த மூன்றையும் அக்ஷயா செலவழித்துவிட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். முருங்கை வியாபாரி அப்புசாமி, காயை வாடாமல் வைத்திருக்க ஒரு குளிர் குடோன் கட்டுகிறார். வெயில் உள்ளே இறங்காத சுவர் வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. இரண்டு பக்கமும் தெர்மாகோல் கட்டை, நடுவில் ஆறு அங்குலம் இடைவெளி, அந்த இடைவெளிக்குள் மேலிருந்து குழாய் விட்டுக் கான்கிரீட்டைப் பம்ப் பண்ணி நிரப்ப வேண்டும். காய்ந்ததும் தெர்மாகோலைக் கழற்ற வேண்டியதில்லை. அது போர்வை போல அப்படியே நின்றுவிடும்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் போர்வை கிழிந்தது. வடகிழக்கு மூலையில் சுவரின் அடி வெடித்து, ஈரக் கான்கிரீட் உள்பக்கமாகக் கொட்டியது. முட்டுக்கம்பி சரிந்தது, மேலே குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த வம்சி என்கிற இருபத்தெட்டு வயசுக்காரன் சாரத்தோடு கீழே வந்தான். மூன்று நாளாகக் கோவை ஆஸ்பத்திரியில் மெஷின்தான் அவனுக்காக மூச்சு விடுகிறது. பம்ப் ஓட்டிய அர்ஷத் கிளைச் சிறையில் இருக்கிறான். சுவர் தாங்காத வேகத்தில் பம்பை ஓட்டினான், பாதுகாப்பு பூட்ஸ்கூடப் போடவில்லை, அத்தனை அலட்சியம் என்பது வழக்கு.

நேற்று அர்ஷத்தின் மனைவி சபுரா கோட்டைமேட்டிலிருந்து ஆபீசுக்கு வந்திருந்தாள். பேச வந்தவள் பாதி நேரம் புருஷனின் கால்களைப் பற்றியே பேசினாள். கான்கிரீட் பட்டுப் பாதமெல்லாம் வெந்து போயிருக்கிறதாம், களிம்பு கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவன் எதற்கும் வாய் திறப்பதில்லை. வேகமாக ஓட்டவில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னான். மற்றபடி அவன் கேட்பது, வம்சி கண் விழித்தானா என்பது மட்டும்தான். துப்பறிய ஆள் யாரையும் வைக்காதே என்றும் சொல்லியிருக்கிறான். கேட்காமல் வந்திருக்கிறாள்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு ஜாமீன் மனு. அதற்குள் ஏதாவது ஒன்று கையில் கிடைக்க வேண்டும். வம்சிக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழக்கின் முகமே மாறிவிடும்.

"கவலைப்படாதீங்க அக்கா, நாளன்னைக்கு உங்க ஊட்டுக்காரர் ஊட்டுச் சோறுதான் சாப்புடுவாருங்க," என்று அக்ஷயா சொல்லியிருந்தாள். சபுரா போன பிறகு பரீத் பாய் அவளை ஒரு பார்வை பார்த்தார். வக்கீல்கூட அப்படி வாக்குக் கொடுக்க மாட்டான் என்று அதற்கு அர்த்தம். அக்ஷயாவுக்கும் அது தெரியும். அந்தம்மா அழுதுகொண்டு நிற்கும்போது வேறு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இன்று ஞாயிறு. மணி இரண்டு.

சைட் இன்ஜினியர் கிஷன் ஹெல்மெட்டும் கையுமாக வந்தான். மூன்று நாளாகத் தூங்காத முகம். போலீஸ் பார்த்துப் படம் எடுத்து முடித்துவிட்டார்கள் என்றும், உடைந்த குப்பையை அள்ள நாலு மணிக்கு டிராக்டர் வருகிறது என்றும் சொன்னான். இந்தச் சுவரை எப்படி நிரப்ப வேண்டும் என்று பாய் கேட்டதற்குப் பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்தான். ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. சுற்றிச் சுற்றி வரணும். ஒரு சுற்றுக்கு மூன்றடி. ஒரு சுற்று முடிந்தால் ஒரு மணி நேரம் பம்பை நிறுத்தி, அடியில் இருக்கிறது கொஞ்சம் இறுகின பிறகுதான் அடுத்த சுற்று. குழாயைத் தூக்கிப் பிடிக்கும் பூம் என்கிற நீண்ட கைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது.

"அர்ஷத் நிறுத்துனாரா?"

"நிறுத்தியிருந்தா ஏன் சார் ஒடையுது?"

"நீங்க பாத்தீங்களா?"

கிஷன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுவர் நேராக நிற்கிறதா என்று எட்டு மணிக்கு வந்ததும் மேலே ஏறி நூல் பிடித்துப் பார்த்திருக்கிறான். பிறகு இன்னொரு சைட்டில் அவசரம் என்று கிளம்பிப் போய்விட்டான். திரும்பி வந்து வண்டியை நிறுத்தும்போதுதான் சத்தம் கேட்டிருக்கிறது. ஆனால் சுவர் வெடித்தால் வேகம்தான் காரணம், வேறு எதுவும் இருக்க முடியாது என்று அவன் படித்திருந்தான். பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது. அதுதான் அக்ஷயாவுக்கு எரிச்சலாக இருந்தது. பொய் சொல்கிறவனாக இருந்தால் பிடித்து உலுக்கலாம்.

கம்பெனிக்கு அனுப்ப அப்போதே எடுத்த படங்களைப் போனில் காட்டினான். தூசி, ஓடுகிற ஆட்கள், சரிந்த சாரம். அக்ஷயா ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். கழுத்தில் துண்டோடு ஒருவர் ஓடி வருகிறார். நெற்றியெல்லாம் கறுப்பு.

"இவர் யாருங்க, வேஷம் கட்டறப்போ பாதியில எந்திரிச்சு வந்தாப்ல?"

கான்கிரீட் லாரி டிரைவர் என்றான் கிஷன். கிரீஸாக இருக்கும்.

"கிரீஸு கையிலதானுங்க இருக்கும். காதோரமா கோடு போட்டாப்ல இருக்காது."

பாய் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் ஒரு பெட்டிக்கடை, அதை ஒட்டி ஒரு சலூன். அவர் மீசை ஓரம் லேசாக அசைந்தது. அன்றைய கணக்கில் அது நாலாவது சிரிப்பு.

சலூன்காரர் சுரேந்தர் கத்தரியை வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். வியாழக்கிழமையை மறக்க முடியுமா என்று ஆரம்பித்தார். அந்த டிரைவர் பத்து மணி சுமாருக்கு வந்தாராம். ஒரு சுற்று முடிந்தது, இனி ஒரு மணி நேரம் பம்ப் ஓடாது, லாரியைத் தள்ளி நிறுத்து என்று பம்ப் ஆபரேட்டர் சொல்லிவிட்டாராம். கான்கிரீட் லாரியில் சுத்திக்கொண்டு கிடக்கிறது, இவன் பூச்சி மருந்து அடிக்கிற மாதிரி மெதுவா அடிக்கிறான் என்று டிரைவருக்குக் கோபம். சும்மா உட்கார்ந்து என்ன செய்வது, டை அடித்துவிடு என்று சேரில் உட்கார்ந்துவிட்டார்.

"டை அடிச்சா எத்தன நேரமுங்க ஊறணும்?" என்றாள் அக்ஷயா.

"முக்கா மணி நேரமுங்க அம்மணி. கழுவப் போற நேரத்துலதான் மறுபடி பம்ப் சத்தம் கேட்டுது. அஞ்சு நிமிஷம் இருக்குமுங்க, டமார்னு ஒரு சத்தம். மனுஷன் டையோடவே ஓடிப்போட்டாரு."

ஆக, பம்ப் நின்றிருக்கிறது. முழுசாக நின்றிருக்கிறது. அர்ஷத் மூன்றடி நிரப்பி, ஒரு மணி நேரம் பொறுத்து, அதன் பிறகே அடுத்த சுற்றைத் தொட்டிருக்கிறான். அதற்குச் சாட்சி ஒரு டிரைவரின் தலைமுடி. சுரேந்தர் சொன்னதைப் பாய் எழுதி வாங்கினார். டிரைவரின் நம்பரையும் வாங்கினார். வெளியே வந்ததும் அக்ஷயா போனை எடுத்தாள்.

"யாருக்கு அம்மணி?"

"சபுரா அக்காவுக்குங்க. பாவம், இந்த நேரத்துக்கு ஒரு வாய் தண்ணியாவது குடிக்கட்டும்."

"கொஞ்சம் பொறு. பம்ப் மெதுவா ஓடுச்சு, சரி. அப்ப செவுரு ஏன் ஒடஞ்சுது?"

இந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று அக்ஷயா பின்னால் பல தடவை நினைத்தாள்.

குப்பை மேடு கட்டடத்துக்குப் பின்னால் கிடந்தது. உடைந்த தெர்மாகோல், காய்ந்த கான்கிரீட் கட்டிகள், வளைந்த கம்பி. டிராக்டர் வர ஒரு மணி நேரம் இருந்தது. சுவரின் இரண்டு முகங்களையும் பிரிந்து போகாமல் இழுத்துப் பிடிப்பது சாணுக்கு ஒன்றாக உள்ளே போகும் பிளாஸ்டிக் பட்டைகள்தான் என்று கிஷன் காட்டினான். ஈரக் கான்கிரீட் எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டை விட்டால் போச்சு.

பாய் தரையில் குந்தி, அறுந்த பட்டைகளைப் பொறுக்கி வரிசையாக வைத்தார். பெரும்பாலானவை இழுபட்டு, வெளுத்து, நுனி நார் நாராக இருந்தன. ஆறு மட்டும் அப்படி இல்லை. வெண்டைக்காய் நறுக்கினது போலச் சமமாக இருந்தன.

"இது அறுந்தது இல்லீங்க பாய்," என்றாள் அக்ஷயா. குரல் இறங்கியிருந்தது. "அறுத்தது."

கிஷன் முகம் வெளிறியது. அடி வரிசைக் கட்டையில் யார் கை வைப்பார்கள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். அதற்குள் பாய் ஒன்றரை அடிச் சதுரத் தெர்மாகோல் துண்டு ஒன்றைப் புரட்டியிருந்தார். நாலு ஓரமும் பேக்கிங் டேப். ஜன்னல் மாதிரி வெட்டி எடுத்து, மறுபடி பொருத்தி, ஒட்டியிருக்கிறார்கள். கூடவே ஒரு பலகையும் கிடந்தது, முட்டுக் கொடுத்த தடத்தோடு. யாரோ தனக்குத் தெரிந்தவரை பத்திரமாகத்தான் செய்திருக்கிறார்கள். துண்டின் உள்முகத்தில், கான்கிரீட் படாத ஒரு ஓரத்தில், சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"செவுத்துக்கு உள்ளாற யாருங்க பொட்டு வெப்பாங்க?"

பாய் எழுந்து உடைந்த மூலையைச் சுற்றி வெளிப்பக்கம் போனார். அங்கே சுவரோரமாக ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. பக்கம் பக்கமாக, மூக்கு சுவரைப் பார்த்தபடி. மேலே சிமெண்ட் தெறித்துக் காய்ந்திருந்தது. அர்ஷத்தோடதுதான் சார், இங்கே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு வேலை செய்திருக்கிறான், போலீஸும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றான் கிஷன். அலட்சியமாகக் கழற்றிப் போட்டவன் இப்படி ஜோடி சேர்த்து வைப்பானா என்று அக்ஷயாவுக்கு நெருடியது. இதே மாதிரி வரிசையை அவள் எங்கேயோ தினமும் பார்த்திருக்கிறாள். எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

வியாழக்கிழமை பூஜை எத்தனை மணிக்கு என்று பாய் கேட்டார். தான் வருவதற்கு முன்னாலேயே, ஆறரைக்கே அப்புசாமியின் வீட்டம்மா முடித்துவிட்டார் என்றான் கிஷன்.

அப்புசாமி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். தோட்டத்து வீட்டில் அவர் மனைவி சாமியாத்தாள் மட்டும் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். மோர் கொண்டுவந்தார். டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. கை நடுக்கம், நாலு வருஷமாக இப்படித்தான் என்று அவரே சொன்னார். வம்சியைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

சுவருக்குள் பொட்டு எப்படி வந்தது என்று பாய் கேட்டார். உள்ளே வைத்த குடத்தைப் பற்றி சாமியாத்தாள் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தெரியவும் இல்லை. குலதெய்வக் கோயில் கிணற்றுத் தண்ணீரும் நவதானியமும் போட்ட சின்னச் செப்புக் குடத்தை ஈசானிய மூலையில் சுவருக்குள் வைக்காமல் அவர்கள் குடும்பத்தில் எதுவும் கட்டுவதில்லை. காங்கேயத்துக் கொப்பரைக் குடோனில் ஒரே ஒரு தடவை வைக்காமல் விட்டார்கள். இரண்டாம் வருஷம் தீப்பிடித்தது. இந்தச் சுவரில் இடமே இல்லை, குடத்தைப் பூஜை ரூமில் வையுங்கள் என்று இன்ஜினியர் முந்தின நாளே சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரரும் விட்டுத்தள்ளு என்றுவிட்டார். விடிந்ததும் இவர் குடத்தோடு போய் அந்த மூலையில் தனியாக நின்றிருக்கிறார்.

"நின்னுட்டே அழுதுபோட்டேன் கண்ணு. பம்ப் வண்டி வந்து காலு ஊனிட்டு இருந்துது. அந்தத் தம்பிதான் எறங்கி வந்து, ஏம்மா அழுவறீங்கன்னு கேட்டாப்ல. அறுத்து வெச்சுத் தந்தாப்ல."

"வம்சிங்களா?" என்றாள் அக்ஷயா. வம்சி என்று சொல்லிவிட மாட்டாரா என்று மனசு துடித்தது. அப்படி நினைத்ததற்காக அந்த நொடியே வெட்கப்பட்டாள்.

"வம்சி குடத்தைப் புடிச்சுட்டு நின்னாப்லங்க. அறுத்தது இன்னொரு தம்பி. இடுப்புல பட்டன் வெச்ச பொட்டி ஒன்னு கட்டியிருந்தாப்ல."

பம்பின் ரிமோட்டை இடுப்பில் கட்டுகிற ஆள் ஒரு சைட்டில் ஒருவன்தான்.

சாமியாத்தாள் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனார். "செருப்புக் காலோட வராதீங்கன்னு நான் ஒன்னும் சொல்லலீங்க. தானாவே பூட்ஸக் கழட்டி வெளிய வெச்சுட்டு, கைகாலு கழுவிட்டு வந்துதான் குடத்தத் தொட்டாப்ல. லாரி வந்துருச்சுன்னு கூப்புட்டாங்க, அப்பிடியே வெறுங்காலோட ஓடிப்போட்டாப்ல. நல்ல பையன்."

அக்ஷயாவுக்கு இப்போது பிடிபட்டது. அந்த வரிசையை அவள் தினமும் பார்ப்பது கோயில் வாசலில். பாய் பார்ப்பது பள்ளிவாசலில்.

அர்ஷத் பத்து வருஷமாகக் கான்கிரீட் பம்ப் ஓட்டுகிறவன். பலகை அடித்த சுவரைத்தான் அவனுக்குத் தெரியும். தெர்மாகோல் சுவர் அவனுக்கு இதுதான் முதல். ஆறு பிளாஸ்டிக் பட்டையில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டான். ஒரு பலகையை வைத்து முட்டுக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டான். பிறகு அத்தனை விதியையும் ஒழுங்காகப் பார்த்து, மூன்றடி மூன்றடியாக, தான் அறுத்த மூலைக்கு மேல் தானே நிரப்பியிருக்கிறான். வாயை ஏன் திறக்கவில்லை, ஆள் வைக்காதே என்று ஏன் சொன்னான் என்பதெல்லாம் இப்போது கேட்காமலே விளங்கியது. அக்ஷயாவுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபப்பட ஒரு ஆளாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாய் குறிப்பு நோட்டை மூடியதை சாமியாத்தாள் பார்த்தார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேகமா ஓட்டுனதாலதான் ஒடஞ்சுதுன்னாங்களே கண்ணு. கொடம் வெச்சதுனாலயா?"

அக்ஷயா பாயைப் பார்த்தாள்.

"கொடத்துனால இல்லீங்கம்மா," என்றார் பாய்.

"அறுத்ததுனாலயா?"

பாய் மூடிய நோட்டை மோர்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த அம்மாள் தன் ஆடுகிற வலது கையை அதன் மேல் வைத்தார்.

"அப்ப நான் அறுத்தேன்னு எழுதிக்க கண்ணு. எங்க வேணாலும் வந்து சொல்றேன். அந்தத் தம்பி பேரு வேண்டாம்."

மோர் டம்ளரையே பிடிக்க முடியாத கை. கோர்ட்டில் இந்தப் பொய் ஒரு நிமிஷம் தாங்காது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் கையை எடுக்கவே இல்லை. பாய்தான் மெதுவாக எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே வந்தபோது டிராக்டர் குப்பை மேட்டருகே நின்றிருந்தது. அறுபட்ட ஆறு பட்டைகளும் அக்ஷயாவின் பையில் இருந்தன. பூட்ஸை அவள் காரின் பின் சீட்டில் வைத்தாள். இதை என்ன செய்வது என்று கேட்டாள். பாய் சாவியைப் போடாமலே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேகமாக ஓட்டவில்லை என்று நிரூபிக்கும் காகிதம் சட்டைப்பையில் இருக்கிறது. அதை நீட்டினால், பின்னே ஏன் உடைந்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்பார். நீட்டாவிட்டால் பழைய வழக்கே நிற்கும்.

"அர்ஷத்தப் பாக்கணும் அம்மணி. அவரே சொல்றதா இருந்தாத்தான் உண்டு. அதுக்கு மேல எனக்கு ஒன்னும் தோணல."

பாயிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. அப்போதுதான் போன் அடித்தது. சபுரா.

அக்ஷயா ஸ்பீக்கரில் போட்டாள். சபுரா அழுதுகொண்டிருந்தாள், ஆனால் நேற்றைய அழுகை இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பேசுகிறாள். வம்சி கண் விழித்துவிட்டான். மெஷினை எடுத்துவிட்டார்கள். நாளைக்குக் காலையில் பேசுவான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"பக்கத்துலயே இருந்தது அவன்தானுங்க, எல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் வாயாலயே சொல்லட்டும், போலீஸு கேட்டு எழுதிக்கட்டும். இனி எனக்குப் பயமில்லீங்க."

ஒரு மனுஷன் பிழைத்துவிட்டான். அக்ஷயாவுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அர்ஷத் அறுக்கும்போது குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். எல்லாம் தெரியும்தான்.

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல சேதி தங்கச்சி," என்றார் பாய்.

"அக்ஷயா இருக்குதுங்களா? அக்ஷயா, நீ சொன்ன மாதிரியே நடக்கப் போவுது பாரு. நாளைக்கு ஊட்டுச் சோறுன்னியே, அவருக்கு என்ன ஆக்கட்டும்?"

பின் சீட்டில் பூட்ஸ் ஜோடியாக உட்கார்ந்திருந்தது. அக்ஷயா அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவருக்கு எது புடிக்குமோ அதையே ஆக்குங்க அக்கா," என்றாள்.